சத்தத்தின் அளவு

டாக்டர் ஜெகநாதனின் மருத்துவமனையில் நோயாளிகளால் ஆபத்து இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் ஜெகநாதன்தான். அதற்கு முன் பதினெட்டு வருஷம் அவர் ஆரணியில் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளியை நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்கவில்லை. 2008-ஆம் வருஷம் வேலூரில் ஒரு ஓட்டலில் நடந்த ஒருநாள் கருத்தரங்குக்குப் போனார். தலைப்பு, ‘வன்முறை நோயாளிகளை எதிர்கொள்வது எப்படி’. மதியம் பிரியாணி. திரும்பி வரும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பும் மனதில் ஒரு கலக்கமும் இருந்தன. மறுநாள் காலையில் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். இத்தனை பேர் ஒரே இடத்தில் எதற்காகக் கூடியிருக்கிறார்கள் என்று முதல் முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம்தான் டாக்டர்களைத் தாக்கினால் ஜாமீன் கிடையாது என்று சட்டம் வந்திருந்தது. சட்டமே போட்டிருக்கிறார்கள் என்றால் தாக்குகிற ஆட்களும் இருக்கத்தானே வேண்டும்? எங்கெங்கோ கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள், டாக்டரைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அதெல்லாம் பொய்யில்லை. ஜெகநாதனின் சொந்த அனுபவத்திலும் ஒரு சம்பவம் இருந்தது. தேவிகாபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், தன் இருமலுக்கும் மகனின் கால் வீக்கத்துக்கும் ஒரே மாத்திரையா என்று கேட்டிருந்தாள். அப்போது அதை அவர் வெறும் கேள்வி என்று நினைத்து விட்டுவிட்டார். கருத்தரங்கில் கொடுத்த பட்டியலைப் பார்த்தால், ‘சிகிச்சையைக் கேள்வி கேட்டல்’ என்பது மிரட்டலின் இரண்டாம் நிலை. அன்றைக்கு உயிர் தப்பியது தெய்வாதீனம் என்று மனைவியிடம் சொன்னார்.

ஒரே மாதத்தில் பாதுகாப்புப் பிரிவு உண்டாகிவிட்டது. காயத்துக்குக் கட்டுப் போடும் அறையைப் பாதுகாப்புப் பிரிவுக்குக் கொடுத்தார்கள். கட்டுப் போடுவது மாடிப்படிக்குக் கீழே மாறியது. பிரிவின் அலுவலராக ஆல்பின் வந்து சேர்ந்தார். நாகர்கோவில்காரர். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்று, ஆரணியில் ஆசிரியை வேலை பார்க்கும் மகள் சோபியாவின் வீட்டுக்கு வந்திருந்தார். டிக்கெட் வைத்திருப்பவன்கூடச் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்ப்பான், தடவாமல் சட்டென்று எடுத்து நீட்டுகிறவன்தான் சந்தேகத்துக்குரியவன் என்பது அவர் முப்பது வருஷத்தில் கண்டறிந்த உண்மை. ஆரணி பட்டுக்குப் பேர்போன ஊர் என்பது அவருக்குத் தெரியும். பட்டு கடையில் கிடைக்கும் என்பதும் தெரியும். அதற்கு மேல் விசாரிக்க அவருக்கு அவகாசம் இருக்கவில்லை.

அவர் ஒரு பெரிய பதிவேடு போட்டார். அதில் ஐந்து கட்டங்கள்: பெயர், தேதி, சொன்ன சொல், சொன்ன நேரம், சத்தத்தின் அளவு. சத்தத்துக்குப் பத்து வரை மதிப்பெண். வரவேற்பு மேஜையில் இருந்த சுகன்யாதான் இதை நிரப்ப வேண்டும். சொன்ன சொல்லுக்கு அர்த்தம் எழுத ஒரு கட்டம் வேண்டாமா என்று அவள் முதல் நாளே கேட்டாள். அர்த்தத்தைப் பார்க்கப் போனால் யாரையுமே பிடிக்க முடியாது என்று ஆல்பின் சொல்லிவிட்டார். நோயாளிகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிற அட்டைகள். வருகிறவர்கள் எல்லாரும் மஞ்சளில் தொடங்குவார்கள். பச்சை அட்டை இதுவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

இந்த ஏற்பாடெல்லாம் நடந்து முடிந்து, மூன்று மாதம் கழிந்த ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பரசுராமன் உள்ளே வந்தார். வயது நாற்பத்தாறு. பட்டு நெசவு. இடது கைப் பெருவிரலில் நகச்சுத்து வந்து, விரல் வீங்கிப் பளபளவென்றிருந்தது. தறியில் கடைசி இரண்டு முழம் நெய்ய வேண்டிய கல்யாணச் சேலை ஒன்று கிடந்தது. தறியில் முடிந்த சேலையைப் பாவிலிருந்து, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்றிய நூலிலிருந்து, வெட்டி எடுப்பதற்கு நெசவாளர்கள் அறுப்பது என்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அறுத்துக் கொடுக்காவிட்டால் அடுத்த பாவு உனக்கில்லை, பவர்லூமுக்குப் போய்விடும் என்று முதலாளி ஜெயவேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பாவு இல்லாத தறி வீட்டில் இருந்தும் இல்லாததுதான்.

“இன்னா அண்ணே ஒடம்புக்கு?” என்று சுகன்யா கேட்டாள். அவள் அப்பாவும் தறிக்காரர்தான். பரசுராமனை அவளுக்குத் தெரியும்.

“வெரலும்மா. நாலு நாளா தூக்கமே இல்ல. டாக்டரு கொஞ்சம் கீறி வுட்டாருன்னா தேவல. வெள்ளிக்கிழமைக்குள்ள அறுத்தாவணும், அதான் பேஜாரா கீது.”

சுகன்யாவின் பின்னால் நின்ற ஆல்பின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“என்னது சொன்னாரு?”

“சேல அறுக்கறத சொல்றாரு சார்.”

“விளக்கம் நான் கேக்கல்ல. சொன்ன சொல்லை மட்டும் எழுது மக்களே.”

சுகன்யா எழுதினாள்: ‘வெள்ளிக்கிழமைக்குள்ள அறுத்தாவணும்.’ நேரம், ஒன்பது நாற்பது. சத்தத்தின் அளவு என்ற இடத்தில், பரசுராமனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பத்துக்கு ஒன்று என்று போட்டாள். அதுதான் வினையாயிற்று. ஆல்பின் பிளாஸ்டிக் கோப்பைப் புரட்டி ஏழாம் பக்கத்தைக் காட்டினார். ‘குரலை உயர்த்தாமல் மிரட்டுபவர் திட்டமிட்டுச் செயல்படுபவர், மிகுந்த எச்சரிக்கை தேவை’ என்று அதில் இருந்தது. பரசுராமனுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. நிறம் நன்றாக இருக்கிறது என்று அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சேலை முந்தானைக்கு அந்தச் சிவப்பு சரியாக வரும் என்றுகூடச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

சிவப்பு அட்டைக்காரர்களை விசாரணை முடியாமல் டாக்டர் பார்க்க மாட்டார். விசாரணை செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலையிலேயே வந்து, கூப்பிடும்வரை பரசுராமன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விரலைத் தூக்கிப் பிடித்தால் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் விரலைத் தூக்கிக் காட்டக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததால் மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு வட்டச் செயலாளர் பத்துப் பேரோடு உள்ளே நுழைந்தார். அவருடைய மைத்துனருக்கு ஊசி போட்ட இடம் வீங்கிவிட்டதாம். வாசலில் இருந்த பூந்தொட்டியை ஒரு உதை விட்டார். “எங்கடா அந்தாளு? வெளிய வரச் சொல்லு!” என்று அவர் போட்ட சத்தத்தில் இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. டாக்டரே ஓடிவந்தார். “வாங்கண்ணே, சொல்லியனுப்பினா நானே வந்திருப்பேனே” என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப் போனார். ஆல்பின் விறைப்பாக நின்று சலாம் வைத்தார். பின்னாலேயே ஒரு தட்டில் காப்பி போயிற்று.

“எழுதட்டுமா சார்?” என்று சுகன்யா கேட்டாள்.

“சத்தம் எவ்வளவு இருக்கும்?”

“பதினஞ்சு இருக்கும் சார்.”

ஆல்பின் பதிவேட்டைப் பார்த்தார். “கட்டம் பத்து வரைக்கும்தானே இருக்கு. விட்டுரு.”

விதியில் இடமில்லாததை எப்படி எழுதுவது? அவரைக் குறை சொல்ல முடியாது.

பிறகு பரசுராமனைக் கூப்பிட்டார்கள். முதலில் சோதனை. சட்டைப் பையில் அரை பிளேடு ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது. நூல் பிசிறை நறுக்க எல்லா நெசவாளரும் வைத்திருப்பதுதான். ஆல்பின் அதை இடுக்கியால் எடுத்து, ரத்தம் பரிசோதிக்கும் குப்பியில் போட்டு மூடி, ‘ஆயுதம்’ என்று சீட்டு ஒட்டினார். பரசுராமனை நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்தார். சுகன்யா குறிப்பெடுக்க உட்கார்ந்தாள்.

“வெள்ளிக்கிழமை அறுக்கணும்னு சொன்னது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“இதுக்கு முன்னால அறுத்திருக்கியளா?”

பரசுராமன் சிரித்துவிட்டார். “இன்னா சார் இப்பிடிக் கேக்கறீங்க? பன்னண்டு வயசுலர்ந்து அறுத்துகினு கீறேன்.”

ஆல்பின் குரலைத் தாழ்த்தினார். “மொத்தம் எத்தன இருக்கும்?”

“அத்த யாரு சார் எண்ணினா? மாசத்துக்கு ரெண்டு, மூணு. கல்யாண சீசன் வந்துச்சுன்னா நாலுகூட அறுப்பேன்.”

“தனியாவா?”

“தனியா எப்பிடி சார் முடியும்? எங்க வூட்டுக்காரி கமலம் ஒரு பக்கம் கெட்டியாப் புடிச்சுக்குவா. நான் அறுப்பேன்.”

“பொம்பளையுமா!”

“எங்க தெருவுல எல்லா வூட்லயும் அப்பிடிதாங்க.”

“யாருக்காகச் செய்யுதீங்க?”

“ஜெயவேல் மொதலாளிக்கு. அவரு யாருக்குன்னு சொல்றாரோ அவங்களுக்கு.”

“கூலிக்கா?”

“கூலிக்குத்தாங்க. சொந்தமா செய்ய நமக்கு ஏது வசதி?”

“வர்ற வெள்ளிக்கிழமை யாரு?”

“வந்தவாசில ஒரு பொண்ணுங்க. பதினாறாந்தேதி கல்யாணம். அதுக்குள்ள முடிச்சிடணும்னு மொதலாளி ஜல்தி பண்றாரு. நானும் பேரு கெட்டுப்போவாம சுத்தமா முடிச்சுக் குடுக்கணும்னுதான் பாக்கறேன்.”

சுகன்யாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. “சார், அது தறி…” என்று ஆரம்பித்தாள்.

“தறியா?” ஆல்பின் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். “எங்க ஊருல தறிக்கதுன்னா வெட்டிச் சாய்க்கது, பாத்துக்கிடுங்க. அறுக்கதும் உண்டு, தறிக்கதும் உண்டா?”

“உண்டுங்க. ரெண்டு தறி கீது, வூட்லயே,” என்றார் பரசுராமன் கொஞ்சம் பெருமையாக.

அறிக்கை அன்று மாலையே தயாராகிவிட்டது. அதன்படி, வந்தவாசியைச் சேர்ந்த மணப்பெண் ஒருவரின் உயிருக்கு ஆபத்து. ஆரணியில் ஒரு தெரு முழுவதும் குடும்பத்தோடு இத்தொழிலில் ஈடுபட்டிருக்கிறது. தலைவர் பெயர் ஜெயவேல். போலீசுக்கு அனுப்பலாமா என்று ஆல்பின் கேட்டார். டாக்டர் யோசித்தார். அவர் பதினெட்டு வருஷமாக ஆரணியில் பட்டு எடுப்பவர். அறுப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் மூன்று மாதமாகப் பாதுகாப்புப் பிரிவு நடக்கிறது, இருமியவர்களைத் தவிர யாரும் அகப்படவில்லை. வேலூரில் அடுத்த கருத்தரங்கில் பேச அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். “போலீஸ் வேண்டாம். அவங்க வந்தா அர்த்தம் கேப்பாங்க,” என்றார். அறிக்கையை போட்டோவுடன் ஊரிலுள்ள மற்ற கிளினிக்குகளுக்கும் மருந்துக்கடைகளுக்கும் மட்டும் அனுப்பச் சொன்னார்.

புதன்கிழமை வலி முழங்கைவரை ஏறி, அக்குளில் நெறி கட்டிக்கொண்டது. பரசுராமன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரிடம் போனார். அங்கே கதவு பூட்டியிருந்தது. டாக்டர் கருத்தரங்குக்குப் போயிருப்பதாக அட்டை தொங்கியது. மருந்துக்கடைக்காரர் நாலு மாத்திரையைக் கல்லாவில் வைத்து, ஒரு நீள ஸ்கேலால் அவர் பக்கம் தள்ளினார். கடைச் சுவரில் தன் போட்டோவைப் பரசுராமன் அப்போதுதான் பார்த்தார். கீழே ‘அறுப்பவர்’ என்று போட்டிருந்தது. உள்ளதுதானே என்று முதலில் நினைத்தார். அதற்கும் கீழே ‘நெருங்க வேண்டாம்’ என்று இருந்ததைப் படித்த பிறகுதான் மாத்திரை ஏன் ஸ்கேலில் வந்தது என்று புரிந்தது.

வீட்டுக்கு வந்தால் ஜெயவேல் முதலாளி காத்திருந்தார். அவர் கோபமாகத்தான் வந்திருந்தார். ஆனால் கோபம் முழுசாக இல்லை.

“என் பேரையாடா குடுத்த? பேங்குக்குப் போனா மேனேஜர் எழுந்து நிக்கறான். பாக்கி வெச்சவன்லாம் வூடு தேடி வந்து குடுத்துட்டுப் போறான். இன்னாடா சொல்லி வெச்ச?”

“ஒண்ணும் சொல்லல மொதலாளி. கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“சரி, அத்த வுடு. வெள்ளிக்கிழம சேல வந்தாவணும். வெரலு கிரலுன்னு சாக்கு சொன்னா பாவு பவர்லூமுக்குப் போயிடும். அப்புறம் என்ன கேக்காத.”

அவர் போன பிறகு பரசுராமன் தறியில் உட்கார்ந்து பார்த்தார். இடது கையால் நூலைத் தொட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. பெரியாஸ்பத்திரிக்காவது போகலாம் என்று கமலம் சொன்னாள். அங்கேயும் போட்டோ போயிருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் தன்னைப் பற்றியோ என்று சந்தேகம். கடைசியில் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

“கமலம், நான் பேசினா ஒனக்கு பயமா கீதா?”

கமலம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க பேசினாவா? சோத்துத் தட்டுல வாய் வெக்கற பூனையக்கூட நாந்தான் வந்து வெரட்ட வேண்டிகீது.”

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. குரலை உயர்த்தாதவர்களைப் பற்றி ஏழாம் பக்கத்தில் எழுதியிருப்பதை ஆல்பின் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் சுகன்யா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினாள். பாதுகாப்புப் பிரிவு தொடங்கி நூறு நாள் ஆவதையொட்டி, நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுக்கிற சிவப்பு அட்டைக்காரர்களை அன்று ஒருநாள் மட்டும் டாக்டர் பார்ப்பாராம். பரசுராமன் ஓட்டமாக ஓடினார். கூடத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். டாக்டர் மைக் முன்னால் நின்றிருந்தார். வாந்தி வருகிறவர்கள்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள்.

“அன்பார்ந்த நோயாளிகளே! நோயைக் கண்டு நான் என்றைக்கும் பயந்ததில்லை. நோய் திருப்பிப் பேசாது. பேசுவது நீங்கள்தான். இந்த நூறு நாளில் நூற்றுப் பன்னிரண்டு பேரை வைத்தியம் பார்க்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறோம். அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவராவது உள்ளே வந்து என்னைத் தாக்கினாரா? இல்லை! இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவீர்கள். இப்போது இருபதுக்கு இறங்கிவிட்டது. எல்லாரும் ஒத்துழைத்தால் ஒரு நோயாளிகூட இல்லாத நாள் வரும். அன்றைக்கு இதுதான் தமிழ்நாட்டிலேயே பாதுகாப்பான மருத்துவமனையாக இருக்கும்!”

எல்லாரும் கை தட்டினார்கள். சத்தம் பதிவாகிவிடுமோ என்ற பயத்தில் மெதுவாகத் தட்டினார்கள்.

டாக்டர் உள்ளே போனதும் ஆல்பின் பத்திரத்தை மேஜையில் விரித்தார். ‘நான் யாரையும் அறுக்க மாட்டேன், அறுக்கும்படி பிறரைத் தூண்ட மாட்டேன்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. அறுக்காவிட்டால் பிழைப்பு போய்விடும் என்பது பரசுராமனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவருக்கு அப்போது விரல்தான் முக்கியம். பேனாவைக் கேட்டார்.

“கையெழுத்து வேண்டாம். கையெழுத்தை மாத்திப் போடுவாங்க. முப்பது வருஷம் பாத்தவன் நான். இடது கைப் பெருவிரல் ரேகை. அஞ்சு இடத்துல.”

“சார், அந்த வெரல்தான் சார் நோவு. அதுக்குத்தான் வந்துகீறேன்.”

“அது எனக்குத் தெரியாது. பத்திரத்துல இடதுன்னு அடிச்சாச்சு.”

“வலது வெக்கட்டுமாங்க?”

“வலது பொம்பளைகளுக்கு.”

பரசுராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வீங்கிய விரலை மைத்திண்டில் தொட்டுக் காகிதத்தில் மெல்ல ஒற்றினார். வட்டமாக ஒரு கறை விழுந்தது. ஆல்பின் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் இருண்டது.

“ரேகையக் காணல்லியே!”

“வீங்கிகீது சார். அதான் வுழல.”

“வீங்கிட்டா, தேச்சு அழிச்சீங்களா? ரேகை இல்லாத ஆளை நான் எப்பிடி நம்பது?” என்று சொல்லிக்கொண்டே, பரசுராமனின் பெருவிரலைத் தன் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, முப்பது வருஷத்துப் பலத்தையெல்லாம் கூட்டிப் பத்திரத்தின் மேல் வைத்து அழுத்தி, இடமும் வலமுமாக உருட்டினார்.

நகச்சுத்து பொட்டென்று உடைந்தது.

“டேய் பேமானி! கைய வுட்றா! வுட்றா நாயே!”

அப்படி ஒரு சத்தம் தனக்குள் இருப்பது பரசுராமனுக்கே தெரியாது. பலூன் ஒன்று வெடித்தது அதனால்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். நான் அதை நம்பவில்லை. ஆனால் கூடத்தில் இருந்த இருபது பேரும் எழுந்து நின்றது நிஜம்.

ஆல்பின் கையை விட்டார். இரண்டு அடி பின்னால் போனார். முதுகு தானாக நிமிர்ந்தது. “அண்ணாச்சி… உக்காருங்க அண்ணாச்சி,” என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். சுகன்யா பேனாவை எடுத்ததும் வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். அதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் பஞ்சும் துணியுமாக ஓடிவந்தார்.

“என்னண்ணே இது, இத்தனை நாள் சொல்லக் கூடாதா?” என்று பரசுராமனின் எதிரில் குந்தி உட்கார்ந்து, விரலைத் தானே மெல்லப் பிதுக்கிச் சீழை எடுத்து, மருந்து போட்டு, கட்டும் போட்டார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. நடுவில் வலிக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். ஆல்பின் சிவப்பு அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு பச்சை அட்டையை நீட்டினார். மருத்துவமனை கொடுத்த முதல் பச்சை அட்டை அது. ஒரு தட்டில் காப்பி வந்தது.

வலி போன இடத்தில் பரசுராமனுக்கு வெட்கம் வந்து நிறைந்தது. பிறந்ததிலிருந்து யாரையும் நாயே என்று சொன்னதில்லை. ஆல்பினிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். அவர் வாயைத் திறந்ததும் ஆல்பின் இன்னும் ஒரு அடி பின்னால் போனார். இந்த வாரம் முழுவதும் சுகன்யாவைத் தவிர யாரும் தன்னை அண்ணே என்று கூப்பிடவில்லை, உட்காரச் சொல்லவில்லை என்பது பரசுராமனுக்கு நினைவு வந்தது. அது இவ்வளவு இதமாக இருந்ததே என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கேவலமாகப் பட்டது. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தார்.

“சனிக்கிழமை கட்டு மாத்தணும்ண்ணே,” என்றார் டாக்டர்.

வெளியே போகும்போது சுகன்யாவிடம், “சனிக்கிழம டோக்கன் எடுக்கணுமாம்மா?” என்று வழக்கமான குரலில் கேட்டார். பக்கத்தில் நின்றவருக்குக்கூட அது கேட்டிருக்காது.

சுகன்யா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேஜைமேல் குனிந்தாள். “டோக்கன்லாம் வாணாண்ணே. ஆனா இந்தக் கொரல்ல வந்தீங்கன்னா மறுபடியும் செவப்புதான். வாசல்லர்ந்தே கொஞ்சம் கத்திகினு வாங்க.”

பரசுராமன் அன்று இரண்டு முழத்தையும் நெய்து முடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் கமலம் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, சேலையை அறுத்து ஜெயவேல் முதலாளியிடம் சேர்த்தார். அடுத்த பாவும் கைக்கு வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தறிக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டுப் போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து, “டேய் பேமானி,” என்று சொல்லிப் பார்த்தார்.

அடுக்களையிலிருந்து கமலம் கேட்டாள். “கூப்ட்டீங்களா? தண்ணி வோணுமா?”

“இல்ல, ஒண்ணுமில்ல,” என்றார் பரசுராமன். சுவரைப் பார்த்து மறுபடியும் ஆரம்பித்தார்.